கையில் இல்லாத கலயம்

ஆற்றங்கரையில் ஓர் ஊர். அந்த ஊருக்குச் சோறு போடுவது ஒரே ஒரு பெரிய குளம். ஐப்பசி மழையில் குளத்தின் கரை கரைந்துபோனது. கரையை எடுத்துக் கட்ட வரி வேண்டும். யாரிடம் வாங்குவது என்பதில்தான் தகராறு.

எல்லா அடுப்புக்கும் ஒரே அளவு வரி என்றது மாடிவீடுகள் நிறைந்த மச்சுத்தெரு. மச்சு வைத்துக் கட்டியவன் கொடுக்கட்டும், குடிசையை விட்டுவிடு என்றது கீழத்தெரு. பௌர்ணமியன்று ஊர்ச்சபை கூடி முடிவு சொல்லும். அதுவரை அவரவர் நியாயத்தைத் துணிச்சீலையில் படமாக எழுதிச் சந்தையில் தொங்கவிடலாம். அது அந்த ஊர் வழக்கம். ஊருக்குக் கஷ்டகாலம் வந்தால் படம் எழுதுகிறவனுக்கு நல்ல காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எழுதுகிறவர்களுக்கெல்லாம் குரு உலகம்மை. அவளுடைய சீடன் ஆவுடையப்பன் அவளைவிடப் பத்து வயது மூத்தவன். நாற்பது வயதுக்கு மேல் தூரிகை பிடித்தவன் என்றாலும் கை சுத்தமானது. கோடு இழுத்தால் இழுத்ததுதான்.

பௌர்ணமிக்கு முதல் நாள், உச்சிவெயிலில், அவன் குருவின் வீட்டுக்கு ஓடிவந்தான். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்போட்டான்.

உலகம்மை நிறம் அரைத்துக்கொண்டிருந்தாள். குழவியை நிறுத்தவில்லை.

“யார் துரத்துதாங்க?”

“யாரும் துரத்தலை அம்மா. இனிமேதான் துரத்துவாங்க.”

அவனுக்கு மூச்சு வாங்கியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் செம்பை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதைத் தூக்கிக் குடித்ததில் பாதித் தண்ணீர் நெஞ்சில்தான் கொட்டியது.

“பறை கேட்டுதா அம்மா?”

“கேட்டுது. எதுக்காம்?”

“ராத்திரி மச்சுத்தெருத் தாணுமூர்த்தியோட எண்ணெய்க் கிட்டங்கி சரக்கோட எரிஞ்சு போச்சு. காவக்காரன் பாதி வெந்து கிடக்கான். தீ வெச்சது இருளப்பன்னு சொல்லி அவனைச் சந்தைத் தூண்ல கட்டிப் போட்டிருக்காங்க. மூணாம் பறைக்கு அவன் வலது கையை வெட்டிருவாங்களாம்.”

இருளப்பன் கீழத்தெருவில் சுண்ணாம்புச் சூளை வைத்திருப்பவன்.

“அவன்தான் வெச்சானா?”

“இல்லை.”

“உமக்கு எப்படித் தெரியும்?”

“ராத்திரி பூரா நான் அவன் சூளையிலதான் இருந்தேன். வெள்ளை நிறத்துக்குச் சுண்ணாம்பு வாங்கப் போனேன். விடியுற வரைக்கும் அவன் நெருப்பை விட்டு எந்திரிக்கலை.”

குழவி நின்றது.

“அப்ப சந்தைக்குப் போகாம இங்க எதுக்கு வந்தீரு?”

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தான். சொல்லாமல் முடியாது என்று தெரிந்துவிட்டது.

“தீ வெச்சதை யாரும் பாக்கலை அம்மா. ‘படத்துல கிடக்கானே, அந்தக் குடிகாரப்பய, அவன்தான் வெச்சிருப்பான்’னு கூட்டத்துல ஒரு குரல். அம்புட்டுதான். பிடிச்சுக் கட்டிட்டாங்க.”

“எந்தப் படத்துல?”

“நான் எழுதின படத்துல.”

பிறகு மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். எட்டு நாளைக்கு முன் மச்சுத்தெருக்காரர்கள் ரகசியமாக வந்து ஏழையின் படம் ஒன்று கேட்டார்கள். ‘இவனுக்காகவா நாங்கள் கொடுக்க வேண்டும்’ என்று பார்க்கிறவன் கேட்க வேண்டும் என்றார்கள். பார்க்காத முகத்தை எழுதக் கூடாது என்பது உலகம்மை சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அவனும் அதை மீறவில்லை. இரவெல்லாம் சூளையில் வெந்துவிட்டுப் பகலில் புளியமரத்தடியில் வாயைத் திறந்து தூங்கிய இருளப்பனைப் பார்த்திருந்தான். அதையே எழுதினான். கையில் ஒரு கள்ளுக்கலயத்தை மட்டும் வைத்தான்.

மறுநாள் கீழத்தெருக்காரர்கள் அதேபோல ரகசியமாக வந்தார்கள். அவர்களுக்குப் பணக்காரன் வேண்டியிருந்தது. பதினைந்து நாள் காய்ச்சலில் கிடந்து பத்தியம் முடித்த அன்று கண்ணை மூடிக்கொண்டு முதல் கவளத்தை வாயில் வைத்த தாணுமூர்த்தியை அவன் ஒருமுறை பார்த்திருந்தான். அதை எழுதினான். இலையைச் சுற்றி எலும்பும் தோலுமாய்ச் சில குழந்தைகளை நிறுத்தினான். அந்த முகங்களையும் அவன் பார்த்திருந்தான். எப்போதோ, வேறு ஊர்ப் பஞ்சத்தில்.

“ரெண்டு பக்கத்துக்கும் எழுதினேன் அம்மா. ஒருத்தருக்கு ஓரவஞ்சனை பண்ணலை. நடுவுல நிக்கேன்னுதான் நெனச்சேன்.”

உலகம்மை அரைத்த நிறத்தை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

“நேத்து அந்த இருளப்பன் என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? ‘படத்தைப் பாத்தேன் அண்ணாச்சி. அச்சு அசலா நான்தான். ஆனா நான் குடிக்கிறதில்லையே’ன்னு சிரிச்சான். எழுதினது நான்தான்னு அவனுக்குத் தெரியாது. சுண்ணாம்புக்குக் காசுகூட வாங்கலை.”

அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

“நான் போய்ச் சாட்சி சொன்னா, குடிகாரன் ராத்திரி முழிச்சு வேலை பாத்தானான்னு கேப்பாங்க. கலயம் நான் வெச்சதுன்னு சொல்லணும். மச்சுத்தெரு என்னைப் பொசுக்கிரும். ரெண்டு படமும் ஒரே கைன்னு கண்டுபிடிச்சுட்டா கீழத்தெரு வேற. உயிரோட திரும்ப மாட்டேன்.”

தூரத்தில் சந்தையின் இரைச்சல் கேட்டது. சிரிப்பா, அழுகையா என்று பிரிக்க முடியாத இரைச்சல்.

“எது நியாயமான வரின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தப் பக்கம் போய் நின்னுக்கிடுதேன். அவங்களாவது என்னைக் காப்பாத்துவாங்க.”

“வரியா? வரியைப் பத்தி இந்த ஊர்ல யாரும் பேசி நாலஞ்சு நாள் ஆச்சு. கள்ளுக்கலயத்தையும் சோத்துக் கவளத்தையும் பத்தித்தானே பேசுதாங்க.”

“நான் எழுதினது பொய்யா அம்மா? முகம் நிஜம். தூக்கம் நிஜம். பசி நிஜம்.”

அவள் எழுந்து சுருட்டி வைத்த வெள்ளைச் சீலை ஒன்றை எடுத்துச் சுவரில் மாட்டினாள்.

“அப்படியே இரும். அசையாதேயும்.”

“இப்பவா அம்மா?”

“இப்பதான்.”

தூரிகை ஓடியது. ஆவுடையப்பனுக்கு உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. சீலையில் அவனுடைய நெற்றி வந்தது. குழிந்த கன்னம் வந்தது. பிறகு கண்கள் வந்தன. பயத்தில் விரிந்த கண்கள், தாழ்போட்ட கதவைப் பார்த்தபடி. தன் பயம் வெளியே நின்று பார்த்தால் இப்படியா இருக்கும் என்று அவன் சீலையையே பார்த்தான்.

அவள் வலது கையை எழுதினாள். விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல வளைந்திருந்தன. சற்று முன் செம்பைப் பிடித்திருந்த விரல்கள்தான். அதில் செம்பை எழுதாமல் ஒரு தீப்பந்தத்தை எழுதினாள். நுனியில் சிவப்பு வைத்தாள். முதுகுக்குப் பின்னால் நாலு கோட்டில் ஒரு கிட்டங்கி எழும்பியது.

ஆவுடையப்பன் பார்த்தான். பயந்த கண்கள் இப்போது களவாணிக் கண்களாக மாறியிருந்தன. அவள் அந்தக் கண்களைத் தொடவே இல்லை.

அவன் தன்னை அறியாமல் வலது கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டான்.

“இதை என்ன செய்யப் போறீங்க?”

“காயட்டும். சந்தையில இன்னும் ஒரு கம்பு காலியா இருக்கு.”

“அம்மா, வேண்டாம்.”

“ஏன்? முகம் நிஜம். கண்ணு நிஜம். நடுக்கமும் நிஜம். பார்க்காத எதையும் நான் எழுதலையே. பந்தமும் நான் பாத்ததுதான். போன திருவிழாவுல.”

“ஊரே என்னைத் தேடி வருமே. என் கையைப் போய்...” அவன் முன்னே வந்தான். சீலையை மறித்துக்கொண்டு நின்றான். “அது நான் இல்லை அம்மா. சத்தியமா அது நான் இல்லை.”

“தூண்ல நிக்கிற இருளப்பனும் காலையிலேருந்து அதைத்தான் சொல்லுதான்.”

இரண்டாம் பறை ஒலித்தது. முதல் பறையைவிட நீளமாக ஒலித்தது. அது அடங்கும் வரை ஆவுடையப்பன் அசையவில்லை.

பிறகு துண்டிலிருந்து கையை வெளியே எடுத்தான். கதவருகே போனான். தாழை நீக்கிக் கதவைத் திறந்தான். வெயில் முகத்தில் அடித்தது. படியில் ஒரு காலை வைத்தவன் நின்று திரும்பினான்.

“நான் சொன்னா நம்புவாங்களா அம்மா?”

உலகம்மை தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். சிவப்பு கரைந்து சட்டி முழுவதும் பரவியது.

“கலயத்தை எழுதும்போது இந்தச் சந்தேகம் உமக்கு வரலியே.”