மூன்று நாள் வாக்கெடுப்பு

“தண்டலே! என் ஆட்கள் நான் சொல்வதைக் கேட்க மாட்டேன் என்கிறார்கள்!”

கெர்மாரெக் புதுச்சேரிக் கடற்கரையில் மூச்சிரைக்க ஓடிவந்து நின்றார். போர்க்கப்பல் தளபதி. பிரான்சில் புரட்சி வெடித்தபோது பாரிஸ் சபையில் உறுப்பினராக இருந்தவர். எல்லாரும் சமம் என்று அவர் பேசிய பேச்சுக்காக ஜனங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கலியன் படகுத் தண்டல், துடுப்புக்காரர்களின் தலைவன். அவரைவிடப் பத்து வயது இளையவன். இந்தக் கரையின் கடலை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன்.

“என்ன சொல்றாங்க துரை?”

“எல்லாரும் சமம் என்றால் உனக்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்கிறார்கள். என் பேச்சையே எனக்குப் படித்துக் காட்டுகிறார்கள்! மூன்று நாளாக வாக்கெடுப்பு. நங்கூரம் தூக்கலாமா, வேண்டாமா என்று!”

கிழக்கே ஐப்பசி வானம் கறுத்துக்கொண்டு வந்தது. புயலுக்கு முன் ஆழ்கடலுக்குப் போகாவிட்டால் நங்கூரம் தாங்காது, கப்பல் கரையில் மோதி உடையும். கப்பலில் இருநூறு பேர்.

“உன் படகில் பன்னிரண்டு பேர். உன் கையில் ஒரு குச்சிகூட இல்லை. உனக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படுகிறார்கள்?”

“ஏறுங்க.”

படகு அலைக்குள் பாய்ந்தது. கலியன் ஒரு துடுப்பை அவர் கையில் திணித்தான்.

“நான் தளபதி!”

“இழுங்க!”

இழுத்தார்.

எதிரே ஒரு பெரிய அலை எழுந்தது.

“நிறுத்து!”

நிறுத்தினார்.

“இழு! இழு!”

உயிரைக் கொடுத்து இழுத்தார். படகு செங்குத்தாக ஏறி, அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது. அவருடைய தொப்பி கடலோடு போய்விட்டது. சின்னப் பிள்ளைபோலக் கத்திச் சிரித்தார்.

“இழு என்றாய், இழுத்தேனே! நிறுத்து என்றாய், நிறுத்தினேனே! எப்படி?”

கலியன் முகத்தில் வழிந்த உப்புத்தண்ணீரைத் துடைத்தான்.

“மூணு நாளா எங்க இருந்தீங்க துரை?”

“கரையில், மாளிகையில். கப்பலுக்கு ஏழு கடிதம் அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் தெளிவாக...”

தன் கையிலிருந்த துடுப்பைப் பார்த்தார்.

கப்பல் வந்துவிட்டது. நூலேணியில் ஏறினார். மேல்தளத்தில் கூச்சலும் வாக்குவாதமுமாக இருந்தது. அவர் கோட்டைக் கழற்றி எறிந்தார். நங்கூரக் கயிறு சுற்றும் உருளையின் கழியில் மார்பை வைத்துத் தள்ளினார். தனியாக.

அசையவே இல்லை.

மறுபடி தள்ளினார்.

ஒரு மாலுமி உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு பக்கத்துக் கழியைப் பிடித்தான். பிறகு நாலு பேர். பிறகு எல்லாரும்.

நங்கூரம் சேறு சொட்ட மேலே வந்தது. பாய்கள் படபடவென்று விரிந்தன.

கெர்மாரெக் கப்பலின் விளிம்புக்கு ஓடிவந்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

“தண்டலே! உனக்கு நான் எப்படி...”

கீழே படகிலிருந்து கலியன் கத்தினான்.

“என்னைப் பாக்காதீங்க துரை! காத்தைப் பாருங்க!”