மூட்டையைப் பிடுங்கியவர்

எண்ணெய்க் கம்பெனியின் கப்பல்துறையில் கசிவு தடுப்புக் குழுவுக்கு ஜெசிந்தா தலைவி. சுடலைமுத்து அவளிடம் வேலை பழகிக்கொண்டிருந்தவர். வயதில் அவளைவிட மூத்தவர்.

"மேடம், ஒரு ஷிப்டை என் பொறுப்புல எப்ப விடுவீங்க?"

ஜெசிந்தா ஒரு மூட்டைப் பொரியைத் தூக்கி வந்து, மேடையோரம் நின்று கடலில் கொட்டத் தொடங்கினாள்.

"இதுதான் எண்ணெய். கழிமுகத்துக்குப் போகாம நிறுத்துங்க அண்ணாச்சி. அங்க பொம்பளைங்க தண்ணியில நின்னு மட்டி பொறுக்குதாங்க."

சுடலைமுத்து ஓடினார். படகை எடுத்தார். மிதவை வேலியை இழுத்து வளைத்தார். வேலி அழகாகத்தான் நின்றது. பொரிதான் அதற்குள் நிரம்பி, ஓரமாக நழுவிப் போய்க்கொண்டே இருந்தது.

கரையேறி மூச்சு வாங்கினார். "எங்கிருந்து மேடம் இவ்வளவு வருது?"

ஜெசிந்தா அப்போதும் கொட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் கை மூட்டையை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது.

"என்ன அண்ணாச்சி?"

"உங்க கையிலேருந்து எப்படிப் பிடுங்க? மரியாதையா இருக்காதே."

"சரி, மரியாதையாவே இருங்க." மூட்டையை உதறிக் காலி செய்தாள்.

அடுத்த பயிற்சியில், "போதும் மேடம்" என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.

அதற்கடுத்த முறை அவர் படகுப் பக்கமே போகவில்லை. நேராக வந்து மூட்டையைப் பிடுங்கி, வாயை முறுக்கிக் கட்டினார். பிறகுதான் வேலியை எடுத்தார்.

"இப்பவாவது ஷிப்ட் உண்டா?"

"நான் திட்டமாட்டேன்னு தெரிஞ்சுதானே பிடுங்கினீங்க? பார்ப்போம்."

மழைக்காலத்தில் ஒரு கப்பலிலிருந்து எண்ணெய் இறங்கும்போது குழாய் மூட்டு விட்டுப்போனது. தண்ணீரில் கறுப்பு பரவியது. மேலாளர், ஓடிவந்த சுடலைமுத்துவை மறித்து, பம்பு சுவிட்சின் மேல் கை வைத்து நின்றார்.

"கொஞ்சந்தான் பாக்கி, முடிச்சிருவோம். நீ போய் வேலியைப் போடுய்யா!"

சற்று நேரத்தில் மேலாளரே ஜெசிந்தாவின் அறைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"உங்க ஆளு என் கையைத் தள்ளிவிட்டுட்டுப் பம்பை நிறுத்திட்டாரு! மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க!"

பின்னால் சுடலைமுத்து தலைகுனிந்து நின்றார். சட்டையெல்லாம் எண்ணெய். ஜன்னலுக்கு வெளியே, வேலிக்குள் ஒரு சின்னக் கறுப்பு வட்டம். அதற்கப்பால் கழிமுகத்தில் பெண்கள் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஷிப்ட் பொறுப்பாளர் வைத்திருக்கும் படகுச் சாவியை எடுத்துச் சுடலைமுத்துவின் கையில் வைத்தாள். பிறகு மேலாளரிடம் திரும்பினாள்.

"என்கிட்டேருந்து பிடுங்க எங்க அண்ணாச்சிக்கு மூணு மூட்டைப் பொரி செலவாச்சு சார். உங்ககிட்ட ஒரு பொரிகூட வீணாகலையே!"