நாற்பத்தோராவது பின்னூட்டம்

“இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள என் பதிலை எடுத்துடுவேன்னு எழுதியிருக்கீங்களே டீச்சர், இது என்ன நியாயம்?”

கேட்டவர் வடமலை. முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற பின், ‘வழிகேள்’ என்ற கேள்வி பதில் தளத்தில், எந்த ஊருக்கு எந்த பஸ் என்று தொள்ளாயிரம் பதில்கள் எழுதியவர்.

எதிரே இருந்த சபீனா தளத்தை நடத்துபவர். வயது முப்பத்தொன்று. வடமலைக்கு அதில் எழுதக் கற்றுக்கொடுத்தவர். அதனால் வயதைப் பார்க்காமல் டீச்சர் என்றே அழைப்பார் வடமலை.

சிக்கல், கண் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்ற கேள்வியில் இருந்தது. மார்க்கெட் வாசலில் ஏழாம் நம்பர் ஏறுங்கள் என்று வடமலை பதில் எழுதியிருந்தார். ஆயிரத்து இருநூறு பேர் லைக் போட்ட பதில். பாலம் வேலை தொடங்கியதிலிருந்து ஏழாம் நம்பர் அந்த வாசலுக்கு வருவதில்லை. கோர்ட்டுக்குப் பின்னாலிருந்து புறப்படுகிறது.

தான் அதை மறைக்கவில்லை என்றார் வடமலை. பதிலுக்கு அடியில், நாற்பத்தோராவது பின்னூட்டமாகத் தெளிவாக எழுதியிருக்கிறார். படிக்காதவர்களுக்கு அவர் என்ன செய்வார்?

“பதிலையே மாத்தியிருக்கலாமே, ஐயா?”

“அத்தனை பேர் ஒத்துக்கிட்ட பதில் டீச்சர். கிழிச்சுக் கொடுத்த டிக்கெட்ல கண்டக்டர் கை வைக்க மாட்டான்.”

சபீனா வாதாடவில்லை. ஆட்டோ பிடித்து அவரை மார்க்கெட் வாசலுக்கு அழைத்துப் போனார். காலை ஒன்பது மணி. நிழற்குடையில் உட்கார்ந்தார்கள்.

ஒரு அம்மாள், கண்ணில் பச்சைத் துணி கட்டிய கணவரைக் கைப்பிடித்து வந்தார். ஏழாம் நம்பர் எப்போது வரும் என்று கேட்டார். இங்கே வராது, கோர்ட்டுக்குப் பின்னால் போங்கள் என்றார் வடமலை.

அந்த அம்மாள் போனை நீட்டினார். “இங்கதான்னு போட்டிருக்கே. எந்த மகராசன் எழுதினானோ.”

மகராசன் மறுபடி கோர்ட்டுப் பக்கம் கைகாட்டினார்.

பதினொரு மணிக்குள் இன்னும் ஆறு பேர். ஆறு பேருக்கும் எழுந்து நின்று சொன்னார். தொண்டை கட்டிக்கொண்டது.

“நல்லாத்தான் சொல்றீங்க. நாளைக்கும் வருவீங்களா?” என்றார் சபீனா.

வடமலை சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போனார்.

பாதி டீயில் நிமிர்ந்து பார்த்தார். ஊன்றுகோலோடு ஒரு முதியவர் நிழற்குடைக்கு வந்தார். போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நிம்மதியாக அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சபீனாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

சபீனா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வடமலை கையை ஆட்டினார். லாரிகளுக்கு நடுவே யார் பார்ப்பது? டம்ளரை வைத்துவிட்டு ஓடினார். முதியவரின் ஆஸ்பத்திரி டோக்கன் பதினொன்றரை மணிக்கு. வடமலையே ஆட்டோவை நிறுத்தி அவரை ஏற்றி அனுப்பினார்.

மூச்சு வாங்க, கோபத்தோடு திரும்பினார். “பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்களே டீச்சர். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“அவர் யாரையும் கேக்கலையே ஐயா. போனைப் பார்த்தார், உட்கார்ந்துட்டார்.”

வடமலை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் போனை எடுத்தார்.

“எழுதினதைத் திருத்த எதை அழுத்தணும் டீச்சர்?”