வண்டியைத் துரத்திய செவலை

நாய் பேசும், மாடு பதில் சொல்லும், நடுவில் காக்கை வந்து தன் பங்குக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும். அப்படி ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் எந்த நாயும் வண்டியைத் துரத்தியதில்லை. நம்ப மாட்டீர்கள். இப்போது பைக்கில் ஒரு தெருவுக்குள் நுழைந்தாலே இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டு "ஏய், போ, போ" என்று அலறுகிறீர்களே, அந்த வம்பெல்லாம் அப்போது கிடையாது. நாயின் இடம் வண்டிக்குப் பின்னால் இல்லை, வண்டிக்கு அடியில். அச்சுக்குக் கீழே விழும் நிழலில், மாட்டின் நடைக்குத் தன் நடையை வைத்துக்கொண்டு போகும்.

உப்பு வண்டிக்காரன் வெள்ளையப்பனின் வண்டிக்கு அடியில் அப்படி நடந்தவள் செவலை. மூன்று வருடம் நடந்தாள். ஒரு மாசி மாதம் அவளுடைய முன்னங்கால் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. அதற்கப்புறம் நொண்டத்தான் முடிந்தது. நாலு நாள் பொறுத்துப் பார்த்தான் வெள்ளையப்பன். ஐந்தாம் நாள், இரண்டு ஊருக்கும் நடுவே, ஒரு மரம்கூட இல்லாத பொட்டலில், எல்லைக்கல் பக்கத்தில் வண்டியை நிறுத்தினான். ஒரு சாக்கு மூட்டையை இறக்கி வைத்தான்.

"செவலை, இதைப் பாத்துக்க. நான் வர்ற வரைக்கும் யாரையும் தொட விடாத."

"எப்ப வருவீங்க ஐயா?"

"இந்தா, வந்துருவேன்."

வரவில்லை. வருவானா, பாவி!

மூன்றாம் நாள் விறகு பொறுக்க அந்தப் பக்கம் வந்த ஒச்சம்மா, மூட்டைமேல் குறுக்கே படுத்துக் கிடந்த செவலையைப் பார்த்தாள். ஒச்சம்மா, வண்டிப்பாதை வளைகிற இடத்தில் மிளகாய் போட்டுப் பிழைப்பவள். வாய்த்துடுக்குக்காரி.

"அடியே, இந்த வெயில்ல இங்க என்ன பண்ற?"

"காவல்."

"எதுக்குக் காவல்?"

"மூட்டைக்கு. உள்ள என்னன்னு தெரியாது."

ஒச்சம்மா தன் கஞ்சியைச் சிரட்டையில் ஊற்றி வைத்தாள். செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எங்க ஆளு வரும்போது, காவலை விட்டுட்டுத் தின்னுக்கிட்டிருந்தேன்னு பேரு வரக் கூடாதுல்ல?"

ஒச்சம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூட்டையை நகர்த்தப் போனாள், செவலை உறுமினாள். விலா எலும்பை எண்ணிவிடலாம், நாக்கு காய்ந்து வெளுத்திருக்கிறது, ஆனால் உறுமலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. இன்னும் ஒரு பகல் இப்படிக் கிடந்தால் செத்துப்போவாள் என்று ஒச்சம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. செவலையின் முதுகுப் பக்கம், சாக்கின் ஒரு மூலையில் கிழிசல். அதன் வழியாக உமி கொட்டிக் கிடந்தது. வெறும் உமி! அதைச் சொல்ல அவளுக்கே வாய் வரவில்லை.

"சரி, இப்படிச் செய்வோம். மூட்டைய நான் சுமக்குறேன். நீ பின்னாலயே வந்து காவல் காத்துக்க. என் வீடும் இதே பாதையிலதான் இருக்கு. எந்த வண்டி வந்தாலும் ஓடிப்போய்ப் பாரு. உங்க ஆளுன்னா போயிரு. இல்லேன்னா திரும்பி வந்துரு, கஞ்சி இருக்கும்."

"காவல் விட்டதா ஆகாதே ஆத்தா?"

"ஆகாது. எந்திரி தாயி."

உமி மூட்டையைத் தலையில் வைத்து அவள் முன்னே நடக்க, நொண்டிக்கொண்டே செவலை பின்னால் போனாள்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டியதில் கால் தேறியது. மூட்டை வாசலில் இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டால் செவலை ஓடுவாள், எட்டிப் பார்ப்பாள், திரும்பி வருவாள். "இல்ல ஆத்தா." "சரி, வந்து குடி." இதுவே அவர்களுக்குப் பழகிப்போனது.

வைகாசியில் மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருந்த ஒரு நாள், தெரிந்த மணிச்சத்தம் கேட்டது. செவலை பறந்தாள். களத்தில் நின்ற ஒச்சம்மா கையிலிருந்த மிளகாயைப் போட்டுவிட்டுப் பாதையைப் பார்த்தாள். போயிரு என்று சொன்னதே அவள்தானே. அதற்காக அழுகை வராமல் இருக்குமா?

"அட, செவலை! கால் நல்லாயிருச்சா? வா, வா, அடியில வா" என்றான் வெள்ளையப்பன்.

வாலை ஆட்டிக்கொண்டே அச்சுக்கு அடியில் குனிந்தாள் செவலை. மேலே ஏதோ அசைந்தது. முகர்ந்தாள். பால் வாடை.

"ஐயா, மேல சாக்குல என்ன?"

"ஒண்ணுமில்ல. பழைய சாக்கு."

"முனகுதே?"

"ஒரு நாய்க்குட்டி வாங்குனேன், பொட்டையாப் போச்சு. அந்த எல்லைக்கல்லுகிட்ட..." பாதியில் நிறுத்திக்கொண்டான்.

செவலை வெளியே வந்து அவன் முகத்தையே பார்த்தாள். "என்கிட்ட குடுத்த மூட்டையில என்ன இருந்துச்சு?"

அவன் மாட்டைத் தட்டினான். வண்டி வேகமெடுத்தது.

செவலை துரத்தினாள். "சாக்குல யாரு? சாக்குல யாரு?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். காலை உடைத்த அதே சக்கரத்துக்குப் பக்கத்தில், அது உருள உருளக் கூடவே ஓடினாள். வளைவு வந்ததும் மாடுகள் இரண்டும் நின்றுவிட்டன.

"அவ கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. அப்புறம் நடக்குறோம்" என்றது வலத்து மாடு.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மூச்சிரைக்க ஓடி வந்த ஒச்சம்மா சாக்கை இறக்கி அவிழ்த்தாள். உள்ளங்கை அளவு குட்டி ஒன்று கண்ணைச் சிமிட்டியது. அதன் பிறகுதான் மாடுகள் நகர்ந்தன.

ஒச்சம்மா குட்டியை மடியில் கட்டிக்கொண்டு, செவலையைப் பார்க்காமலே கேட்டாள்: "உங்க ஆளு போறாரே. நீ போகலையா?"

"பாத்துட்டேன் ஆத்தா. எங்க ஆளு இல்ல. கஞ்சி இருக்கா?"

அந்தக் குட்டிக்குச் செவலை முதலில் கற்றுக்கொடுத்தது இந்த ஓட்டத்தைத்தான். குட்டி தன் குட்டிகளுக்குக் கற்றுக்கொடுத்தது. பிறகு பேச்செல்லாம் போய்விட்டது. அந்தக் கேள்வி மட்டும் குரைப்பாக மிஞ்சியது. சந்தேகம் இருந்தால் அடுத்த முறை வண்டியை நிறுத்திப் பாருங்கள். கடிக்காது. சுற்றி வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அந்த வைகாசிப் பகலிலிருந்துதான், ஊருக்குள் வருகிற எந்த வண்டியையும், யாரையாவது விட்டுவிட்டுப் போக வந்திருக்கிறதா என்று கேட்காமல் நாய்கள் விடுவதில்லை.