மட்டிமங்கலத்தார் பாலம் கட்டியது

மட்டிமங்கலத்தில் ஓர் ஆறு ஓடுகிறது. அதற்குப் பெயர் ஆறு. வேறோர் ஆற்றைப் பார்த்திருந்தால்தானே இதற்கென்று தனிப்பெயர் வைக்கத் தோன்றும்? ஆற்றின் மேல் பாலம் கிடையாது. ஆனால் உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் பாலத்தைப் பற்றியும் அந்த ஊரில் விவரம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

காரணம், ஊராட்சிக் கட்டடத்துத் தொலைக்காட்சிப் பெட்டி. அதில் ஒரே ஒரு சேனல்தான் தெரியும். அந்தச் சேனலில் ஞாயிறு மாலை புகழ்பெற்ற பாலங்களைப் பற்றிய படம் தமிழ்க் குரலோடு வரும். லண்டனில் பாலம் கப்பலுக்காக நடுவில் பிளந்து இரு கைகளையும் உயர்த்தும்போது ஊரே எழுந்து பதிலுக்குக் கும்பிடும். சான்பிரான்சிஸ்கோ பாலத்துக்கு ஏன் செம்மஞ்சள் பூசினார்கள் என்று எருமை மேய்ப்பவர்கூடச் சொல்வார். சிட்னிப் பாலத்தின் வளைவைக் கண்டால் கொத்தனார் தாண்டவன் சிமெண்டு பூசும் கரணையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். படம் முடிந்ததும் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஆற்றில் இறங்கி நடந்து அக்கரைத் தோட்டத்துக்குப் போவார்கள்.

மாசிலாமணிக்கு மட்டும் பாலம் என்பது பார்த்து ரசிக்கிற சங்கதியாக இல்லாமல் போயிற்று. அக்கரையில் நல்லசிவத்தின் மகள் செங்கமலத்தைப் பெண் கேட்டிருந்தான். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. நல்லசிவம்தான் ஒரு நிபந்தனை வைத்தார்.

“பாலம் இல்லாத ஊருக்கு நான் பொண்ணு தர்றதில்ல. தை பிறக்கறதுக்குள்ள உங்க ஊர்ல ஒரு பாலம் இருக்கணும். இல்லேன்னா என் தங்கச்சி மகன் வேணுகோபாலுக்குத்தான் செங்கமலம். அவன் ஊர்ல ரெண்டு பாலம் இருக்கு. ஒண்ணு இடிஞ்சது.”

அன்றைக்கே ஊர் கூடியது. மாசிலாமணியின் தாய்மாமன் பூவராகன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கேட்டார்: “பாலம் கட்ட முதல்ல என்ன வேணும்?”

“கல்லு, மணலு, சிமெண்டு,” என்றான் தாண்டவன்.

“அதெல்லாம் அப்புறம். முதல்ல ஒருத்தர் வந்து, இது நடக்காதுன்னு சொல்லணும். அப்படிச் சொல்லாம எந்தப் படத்துலயாவது வேலை ஆரம்பிச்சிருக்காங்களா?”

யோசித்துப் பார்த்தார்கள். உண்மைதான், ஒரு படத்திலும் இல்லை. பொறுப்பான வேலை என்பதால் பூவராகனே அதை ஏற்றுக்கொண்டார். மறுநாளிலிருந்து விடியற்காலையில் கரைக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, தலையை ஆட்டி, “நடக்காது” என்பார். பிறகுதான் மண்வெட்டியைத் தொடலாம்.

அடுத்தது தலைமைப் பொறியாளர். நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் கட்டிய காலத்தில் அதன் தலைமைப் பொறியாளர் நோயில் விழுந்து, சன்னல் வழியே தொலைநோக்கியில் வேலையைக் கவனித்தார். அவருடைய மனைவி அவர் சொன்னதைக் கொண்டுபோய் ஆட்களிடம் சேர்த்தார். இது மெய்யாகவே நடந்தது. மட்டிமங்கலத்தார் அதைக் கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

“மாப்பிள்ளை, பாலம் உனக்காகத்தானே? நீயே படுத்துரு,” என்றார் பூவராகன்.

“எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு மாமா?”

“பொறுப்புன்னு வந்துட்டா உடம்பையெல்லாம் பார்க்கக் கூடாதுடா.”

மாசிலாமணி தன் வீட்டில் ஆற்றைப் பார்த்த சன்னலோரம் படுத்தான். பப்பாளி இலைக் காம்பு ஒன்றை வெட்டித் தொலைநோக்கி என்று கையில் கொடுத்தார்கள். அப்போதுதான் தாண்டவனுக்குச் சந்தேகம் வந்தது. “இவன் சொல்றதை யார் வந்து எனக்குச் சொல்றது?”

“பொண்டாட்டிதான்,” என்றார் பூவராகன்.

“பொண்டாட்டி எங்கே?”

“பாலம் கட்டினா வருவா.”

“பாலம் எப்பக் கட்டுறது?”

“பொண்டாட்டி வந்ததும்.”

தர்க்க சாஸ்திரம் படித்தவர்கள் இந்த வகைச் சிக்கலுக்கு வடமொழியில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மட்டிமங்கலத்தாரிடம் பெயர் இல்லை. ஆனால் வழி இருந்தது. பூவராகன் ஆற்றில் இறங்கி அக்கரைக்குப் போனார்.

“பாலம் வர்றதுக்கு முந்தி பொண்ணு வர்றது முறையில்லையே,” என்றார் நல்லசிவம்.

“பொண்ணா வர வேண்டாம் சம்பந்தி. தகவலா வரட்டும்.”

அதில் தப்பு எதுவும் நல்லசிவத்துக்குத் தெரியவில்லை.

மறுநாள் செங்கமலம் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சன்னல் பக்கம் நின்றாள். “உடம்புக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல. பொறியாளர்.”

“ரொம்ப நாளாவா?”

“நேத்துலேர்ந்து.” மாசிலாமணி காம்பை அவள் பக்கம் திருப்பிப் பார்த்தான். அதற்குள் அவளுடைய மூக்குத்தி மட்டும்தான் தெரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

“ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நான்தான் நடந்தே வந்துட்டேனே. அப்புறம் பாலம் எதுக்கு?”

“நீ வர்றதுக்குத்தான்.”

அவள் சிறிது யோசித்தாள். “சரி, அப்ப நாளைக்கும் வர்றேன்.”

நான்காம் நாளே பெரிய சங்கடம் முளைத்தது. ஆற்றுக்குக் குறுக்கே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியிருந்தார்கள். மாசிலாமணி காம்பு வழியாக எப்படிப் பார்த்தாலும் அந்த இடத்தின் முனை மட்டும்தான் தெரிந்தது. பாலம் எழுந்தாலும் முனைதான் தெரியும். முனையைப் பார்த்துக்கொண்டு ஒரு பொறியாளன் என்ன உத்தரவு போடுவான்? “பாலத்தை என் பக்கம் திருப்பிப் போடச் சொல்லு,” என்றான்.

“திருப்பினா ஆத்தோட கரையோரமா இல்ல போகும்?”

“போகட்டும். முழுசாத் தெரியும்.”

செங்கமலம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்குகிறாளா, கணக்குப் போடுகிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. “எங்கப்பா என்ன கேட்டார்? உங்க ஊர்ல பாலம் இருக்கணும்னுதானே? எந்தப் பக்கம் பார்த்து இருக்கணும்னு சொல்லலியே. நல்லதாப் போச்சு,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தகவலைக் கேட்டதும் தாண்டவன் கரணையைக் கீழே வைத்தான். “நானும் அதைத்தான் நெனச்சேன். குறுக்கே கட்டினா அந்தக் கரை வந்ததும் முடிஞ்சு போகுது. அதுக்கு மேல ஆறு விடாது. படத்துல வர்ற பாலமெல்லாம் மைல் கணக்குல போகுது. கரையோடவே கட்டினா கல்லு தீர்ற வரைக்கும் போய்க்கிட்டே இருக்கலாம்.”

“நடக்காது,” என்றார் பூவராகன், கண் கலங்க.

வேலை மும்முரமாக நடந்தது. தண்டோரா போடுகிற உத்தண்டிக்குக் கனத்த குரல் என்பதால் பின்னணியில் பேசும் பொறுப்பு அவனுடையது. அவன் சொல்லாத வரையில் எதுவும் நடந்ததாக ஆகாது. வளைவின் உச்சிக்கல்லைத் தாண்டவன் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, சாரத்தின் ஒற்றைப் பலகையில் நின்றபோது உத்தண்டி முழங்கினான்: “கல் பொருந்துமா? அல்லது இத்தனை பேருடைய உழைப்பும் ஆற்றோடு போகுமா? ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு.”

எல்லோரும் கருவிகளைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். எருமை மேய்ப்பவர் மட்டும் சாரத்துக்கு முன்னால் நின்று ஒரு சோப்பின் நறுமணத்தைப் பற்றிப் பேசினார். தாண்டவன் கல்லோடு நின்றான்.

திரும்பி வந்ததும் உத்தண்டி, “இதுவரை,” என்று தொடங்கினான். இடைவேளை முடிந்தால் முன்னால் நடந்ததை மறுபடி காட்டுவதுதானே வழக்கம்? ஆகவே தாண்டவன் கல்லோடு கீழே இறங்கி, முதலிலிருந்து மறுபடி தூக்கிக்கொண்டு ஏறினான். ஏறி நின்றதும் மறுபடி இடைவேளை வந்தது. இப்படி அந்த ஒரு கல்லுக்கே கார்த்திகை முழுவதும் போய்விட்டது. மாசிலாமணி காம்பு வழியாகப் பார்த்துப் பார்த்து நகத்தைக் கடித்தான். கடைசியில் செங்கமலம் போய், “பொறியாளர் சொல்றார், அடுத்த இடைவேளை கல்யாணத்துக்கு அப்புறம்,” என்றாள். அவன் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் கல் உட்கார்ந்துவிட்டது.

தை முதல் நாள் நல்லசிவம் குடும்பத்தோடு அக்கரையில் வந்து நின்றார். எதிரே, நீளமாக, வளைவு வளைவாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுப் பாலமும் தெரிந்தது. தண்ணீரிலும் தெரிந்தது. வெகுநேரம் பார்த்தார். படுக்கையிலிருந்து மாசிலாமணி காம்பை அவர் முகத்துக்கு நேரே திருப்பினான்.

கூட வந்திருந்த வேணுகோபால், “மாமா, அது ஆத்தைத் தாண்டவே இல்லையே,” என்றான்.

“உங்க ஊருப் பாலம் தாண்டுதா?”

“தாண்டுது.”

“இங்கேர்ந்து பார்த்தா தெரியுதா?”

வேணுகோபால் நெற்றியில் கை வைத்துத் தன் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்த்தான்; தெரியவில்லை.

புரூக்ளினில் பொறியாளரின் மனைவி கையில் சேவலோடு பாலத்தை முதலில் கடந்தாராம். செங்கமலமும் சேவலோடு வந்தாள். மார்கழி மழையில் தண்ணீர் இடுப்புக்கு ஏறியிருந்தது. எல்லோரும் ஆற்றில் இறங்கி நடந்து, இக்கரை ஏறி, பாலத்தின் ஒரு முனையில் மிதித்து, முழு நீளமும் மேளத்தோடு நடந்து, மறுமுனையில் இறங்கினார்கள். “நடக்காது,” என்று பூவராகன் பாலத்தின் நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார், பழகிவிட்டது.

முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. “எழுந்து வாங்க,” என்றாள் செங்கமலம் சன்னலருகே.

“தகவல் உள்ளேருந்து வெளியேதான் போகணும். வெளியேருந்து உள்ளே வரக் கூடாது.”

“அப்ப நீங்களே ஒரு தகவல் சொல்லுங்க.”

“தலையைக் கொஞ்சம் குனி.”

குனிந்தாள். சன்னல் கம்பிக்கு நடுவே கையை நீட்டித் தாலி கட்டினான்.

சாயங்காலம் நல்லசிவம் விடைபெற்றார். மறுபடி பாலத்தின் முழு நீளமும் நடந்தார், ஆற்றில் இறங்கினார். அதற்குள் தண்ணீர் மார்பளவு ஆகியிருந்தது. அக்கரை ஏறி வேட்டியைப் பிழிந்தவர், பாலத்தைத் திரும்பிப் பார்த்து இக்கரைக்குக் கேட்கும்படி சொன்னார்:

“சம்பந்தி, நல்லவேளை பாலம் கட்டினீங்க. இல்லேன்னா முழுசா நனைஞ்சிருப்போம்.”