மணல்திட்டுல நின்ன சேதிக்காரன்

ஒரு ஊர் இருந்துச்சாம். ஊருன்னா ஒரே எடத்துல இல்ல கண்ணுங்களா, ஆத்துக்கு மேக்கால பாதி, கெழக்கால பாதி. ஒரே சாமி, ஒரே சந்தை, பொண்ணு குடுக்கறதும் எடுக்கறதும் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்குமாத்தான். அப்புறம் ஒரு வருசம், யாரு நாட்டாமைன்னு ரெண்டு பெரிய மனுசனுக்குள்ள தகராறு வந்துச்சு. நான்தான்னு இவன், நான்தான்னு அவன். கடைசியில ஆளுக்கொரு கரையில உக்காந்துக்கிட்டு, "இனிமே எவனும் கரை தாண்டப்படாது, அந்தக் கரை ஆளுகிட்ட வாய் தொறக்கப்படாது, மீறுனா ஊரவிட்டுத் தள்ளிவைப்போம்"னு சட்டம் போட்டுட்டானுங்க. ஆத்துல துணி தொவைக்கக்கூட முறை வச்சானுங்க, காலையில கெழக்குக்கரை, வெயில் சாஞ்சதும் மேக்குக்கரை. பாரு அநியாயத்த! நாட்டாமைக்கு ஆசைப்பட்டது ரெண்டு பேரு, வாயக் கட்டிக்கிட்டது ரெண்டாயிரம் பேரு.

அப்ப சேதி எப்படிப் போகும்னு கேக்குறியா? அதுக்கு ஒருத்தன வச்சானுங்க. சோலைக்கண்ணுன்னு பேரு. கையில வளைஞ்ச கொம்பு, தலையில இம்மாம் பெரிய தலப்பா. இங்க சொல்றத அங்க போயி கொம்பூதிச் சொல்லணும், அங்க சொல்றத இங்க வந்து கொம்பூதிச் சொல்லணும், வேற யாரு பேச்சும் செல்லாது. மொத நாள் ஒழுங்காத்தான் சொன்னான். "அந்தக் கரையில எல்லாரும் சௌக்கியம், உங்கள விசாரிச்சாங்க"ன்னான். சனங்க "அப்படியா"ன்னுட்டு வேலையப் பாக்கப் போயிடுச்சு, ஒரு வாய் மோர்கூடக் குடுக்கல. மறுநாள் சும்மா ஒரு பேச்சுக்கு, "உங்களப் பிச்சக்காரப் பயலுகன்னாங்க"ன்னான். அவ்வளவுதான்! "அப்புறம் என்ன சொன்னான், அப்புறம் என்ன சொன்னான்"னு ஊரே சுத்தி நின்னுடுச்சு. எல போட்டு, கறிச்சோறு போட்டு, "இன்னும் சொல்லு"ன்னுச்சு. பய சூட்சுமத்தப் புடிச்சுக்கிட்டான். அதுக்கப்புறம் அவன் வாயில நல்ல வார்த்தையே வரல.

மேக்குக்கரையில வெள்ளத்தாயின்னு ஒருத்தி, முறுக்கு சுட்டுப் பொழைக்கிறவ. புருசன் இல்ல, ஒத்த மக பொன்னுருவி. அவள சண்டைக்கு முன்னாடியே கெழக்குக்கரையில கட்டிக் குடுத்திருந்தா. இப்ப பொன்னுருவிக்கு எட்டு மாசம். தலைச்சன் பிரசவம் தாய்வீட்டுலதானே? அதுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்துச்சு, தாய்வீட்டுலேர்ந்து கூப்புட்டுச் சேதி வந்தா புள்ளத்தாச்சி கரை தாண்டலாம்னு.

வெள்ளத்தாயி கூடை நெறைய முறுக்கு சுட்டு, "எம் மகள வரச் சொல்லுப்பா, அம்மா காத்துக்கிட்டிருக்கேன்னு சொல்லு"ன்னு குடுத்துவிட்டா. சோலைக்கண்ணு திரும்பி வந்து, "வரமாட்டேனுடுச்சு உம் மக"ன்னான். அப்புறம் அதிரசம் சுட்டுக் குடுத்துவிட்டா. "உன் வாசப்படிய மிதிக்கமாட்டேனுடுச்சு"ன்னான். அழுதா, தூங்கல, சாப்புடல. அப்புறம் மனசு கேக்காம மூணாவதா பொரிவிளங்காய் உருண்டை புடிச்சுக் குடுத்துவிட்டா. போனவன் வாயத் தொடச்சுக்கிட்டே வந்து சொல்றான், "பூசணிக்காயா ஆக்கிப் போட்டு என்ன வளத்த, ஒரு நாளு நல்ல சோறு போட்டியா, இப்ப என்ன புதுசா பாசம்னு கேக்குது உம் மக"ன்னு.

வெள்ளத்தாயி அழுகைய நிறுத்திட்டா. ஏன் தெரியுமா? அவங்க குலசாமி பூசணிக்கொடியடியில கெடைச்ச சாமி. அந்த வீட்டுல பூசணிக்காய வெட்டமாட்டாங்க, ஆக்கமாட்டாங்க, திங்கமாட்டாங்க. பொன்னுருவி பொறந்ததுலேர்ந்து அந்த வீட்டு அடுப்புல பூசணிக்காய் ஏறுனதே கெடையாது. "அடப் பாவி! இது எம் மக பேச்சில்ல, உம் பேச்சு"ன்னு உள்ளுக்குள்ள கொதிச்சா. ஆனா வெளியில ஒண்ணும் காட்டிக்கல. "சரிப்பா, போ"ன்னா.

மறுநாள் காலையில, கெழக்குக்கரை பொம்பளைங்க தொவைக்கிற நேரத்துல, இவ ஆத்துக்குப் போனா. அவங்க பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. வெள்ளத்தாயி முழங்கால் தண்ணியில எறங்கி நின்னு கத்துறா, "ஏ புள்ளைங்களா! எங்கூடப் பேச வேணாம். பொன்னுருவிய மட்டும் கூப்புடுங்க. எங்க வீட்டுல பூசணிக்காய் உண்டான்னு அவளக் கேளுங்க!"

யாரு போயிச் சொன்னாளோ, பொன்னுருவி வயித்தப் புடிச்சுக்கிட்டே வந்துட்டா. அக்கரையில நின்னுக்கிட்டு, "எம்மா! மூணு தடவ சொல்லிவிட்டேனேம்மா, வந்து கூட்டிட்டுப் போன்னு! எனக்கு மகளே இல்லேன்னு சொன்னியாமே!"ன்னு ஓன்னு அழுவுறா.

"முறுக்கு வந்துச்சாடி?"

"இல்லம்மா."

"அதிரசம்?"

"இல்லம்மா."

"பொரிவிளங்காய் உருண்டை?"

"ஒண்ணும் வரலம்மா!"

தொவைச்சுக்கிட்டிருந்த ஒருத்தி துணியக் கீழ போட்டா. "அப்ப எங்க கெணத்துல வெசம் வைப்போம்னு நீங்க சொல்லலியா?"ன்னு கேட்டா. "யாரு சொன்னா? அத நீங்க சொன்னதாத்தானே எங்ககிட்ட சொன்னான்!"னா வெள்ளத்தாயி. அதுக்குள்ள மேக்குக்கரை பொம்பளைங்களும் சத்தங்கேட்டு ஓடியாந்துட்டாங்க. இவ ஒண்ணு கேக்க, அவ ஒண்ணு கேக்க, ஒரு சேதியாவது உண்மையா இருக்கணுமே! ம்ஹூம்.

அந்த நேரம் பாத்து ஆத்துல எறங்கி வர்றான் சோலைக்கண்ணு, தலப்பாவும் கொம்புமா. நடு ஆத்து மணல்திட்டுல அவன் கால் வைக்கவும், ரெண்டு பக்கமும் பொம்பளைங்க தண்ணியில எறங்கி வளைச்சுட்டாங்க. "இப்பச் சொல்லுடா சேதிய!"ன்னாங்க. மேக்கால பாத்தான், கெழக்கால பாத்தான். இந்தப் பக்கம் சொன்னா அந்தப் பக்கத்துக்குக் கேக்கும், அந்தப் பக்கம் சொன்னா இந்தப் பக்கத்துக்குக் கேக்கும். கொம்ப வாய்க்குக் கொண்டுபோனான், எறக்குனான்.

ரெண்டு நாட்டாமையும் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடியாந்தானுங்க. "எவடி சட்டத்த மீறி ஆத்துல எறங்குனது?"ன்னானுங்க, அத மட்டும் ஒரே குரல்ல! வெள்ளத்தாயி திரும்புனா. "ஆறு என்ன உங்க அப்பன் வெட்டுனதா? எம் மக பிள்ளப்பேத்துக்குத் தவிக்குறா, நீங்க சட்டம் பேசுறீங்களா? தூ! தள்ளிவைக்கணுமா, வைங்க. ரெண்டு கரைப் பொம்பளையும் இங்கதான் நிக்கிறோம், எல்லாரையும் தள்ளிவச்சுட்டு நீங்க ரெண்டு பேருமா ஊர ஆளுங்க!"ன்னா. அவனுங்க மடிச்சுக் கட்டுன வேட்டிய எறக்கிவிட்டுக்கிட்டுக் கரையேறிட்டானுங்க.

அதுக்குள்ள ரெண்டு கரை ஆம்பளைங்களும் வந்து சேந்து, சோலைக்கண்ண அடிக்கக் கை ஓங்குனாங்க. "நிறுத்துங்க"ன்னா வெள்ளத்தாயி. "இவன் பொய் சொன்னான், சரி. மொத நாள் நல்ல சேதி கொண்டாந்தப்ப எவனாச்சும் ஒரு வாய் மோர் குடுத்தீங்களா? கெட்டதச் சொன்னதும் எல போட்டீங்க. நெசமான்னு ஒருத்தன் கேட்டீங்களா? நானும்தான் ரெண்டு தடவ நெசமான்னு கேக்காம அழுதேன். எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு."

அப்புறம் அந்த மணல்திட்டுலயே சோலைக்கண்ண நிக்கவச்சு, அவன் திரிச்ச ஒவ்வொரு சேதியையும் சொன்னது இது, நான் மாத்துனது இதுன்னு கொம்பூதிச் சொல்ல வச்சாங்க. பொழுது சாயற வரைக்கும் ஊதுனான், தொண்டை கட்டிப் போச்சு. அதோட விடல. பொன்னுருவிய தூளியில வச்சு ஆத்தத் தாண்டித் தூக்கியாந்தாங்க பாரு, முன்பக்கம் தோள் குடுத்தவன் அவன்தான். அவன் தின்ன முறுக்குக்கும் அதிரசத்துக்கும் அது சரியாப் போச்சு.

அன்னையிலேர்ந்து அந்த ஊர்ல சேதின்னா மணல்திட்டுலதான். சேதி குடுத்துவிடுறவன் கொம்பூதுறவன் பக்கத்துலயே நிக்கணும், கேக்குறவன் "நெசமா?"ன்னு கேக்கணும்.

ஒரு மாசம் கழிச்சு சோலைக்கண்ணு திட்டுல ஏறி நின்னு, "வெள்ளத்தாயிக்குப் பேத்தி பொறந்திருக்கு, தாயும் புள்ளையும் சௌக்கியம்!"னு கொம்பூதுனான். பக்கத்துல நின்ன வெள்ளத்தாயி, "நெசந்தான், நெசந்தான்"னு தலையாட்டுனா. ரெண்டு கரையிலேர்ந்தும் சனங்க செம்பு செம்பா மோர் எடுத்துக்கிட்டு ஓடியாந்துச்சு.

அந்த மோரு தீந்துச்சு, நம்ம கதையும் தீந்துச்சு. நாளைக்கு எவனாச்சும் "உன்னப் பத்தி அவன் இப்படிச் சொன்னான்"னு உங்கிட்ட வந்து நின்னா, அவனுக்குச் சோறு போடாத. யாரு சொன்னதாச் சொல்றானோ, நேராப் போயி அவங்கிட்டயே கேளு.