காவலுக்குத் தூவிய மிளகாய்ப்பொடி

ஜமீன்தாரின் ஆசை மாமரம் ஒரே மழைக்காலத்தில் பட்டுப்போனது. பழி வந்து விழுந்ததென்னவோ தோட்டக்காரி வெள்ளத்தாயி தலையில்.

"பூஞ்சை அரிச்சிருச்சு எசமான்," என்றாள் அவள்.

காரியஸ்தர் அம்பலவாணர் சீறினார். "மாம்பால் பட்டாலே வாய் வெந்துபோகும். பட்டைக்குள்ள அப்படியொரு நஞ்சு காவல் இருக்கு. அதைத் தாண்டிப் பூஞ்சை எப்படித் தின்னும்? இவதான் எதையோ ஊத்திக் கொன்னிருக்கா!"

"பொழுது சாயறதுக்குள்ள நிரூபி. இல்லேன்னா குடிசையைக் காலி பண்ணு," என்றார் ஜமீன்தார்.

குடிசையில் நிறைமாத மகள் படுத்திருந்தாள்.

சாயங்காலம் ஒரு தாம்பாளம் நிறைய மாங்காய்க் கீற்றுகளைக் கொண்டுவந்து ஜமீன்தாருக்கும் காரியஸ்தருக்கும் நடுவில் வைத்தாள். உப்பையும் மிளகாய்ப்பொடியையும் அள்ளித் தூவினாள்.

"யாரும் தொடாம இருக்கக் காரத்தைக் காவல் வச்சிருக்கேன் சாமி. அரிச்ச பட்டையை வெட்டிட்டு வந்துடறேன்."

மரத்தடியில் அரிவாளால் பட்டையை வெட்டியபடியே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் தொடாமலே விட்டுவிட்டால்?

திரும்பி வந்தாள். தாம்பாளம் காலி. காரியஸ்தர் மூக்கை உறிஞ்சியபடி விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

"காவலுக்குப் போட்ட காரம் சாமி! அதையே தொட்டுக்கிட்டுல்ல தின்னுட்டீங்க! மரத்து நஞ்சும் பூஞ்சைக்கு அப்படித்தான், தொட்டுக்கிற காரம்."

வெள்ளத்தாயி வெட்டி வந்த பட்டையைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு ஜமீன்தார் முகத்தையே பார்த்தாள்.

"குடிசையிலேயே இரு," என்றார் அவர், மிளகாய் ஒட்டிய தன் விரல்களை அங்கவஸ்திரத்துக்குள் மறைத்துக்கொண்டு.